கிக்காஃபைப் பார்க்கக் கற்றுக்கொள்வது: அமெரிக்கக் கால்பந்தின் முதல் உதைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களில் பலர், கிக்காஃப் என்பது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சடங்கு மட்டுமே என்று எண்ணி, பந்து தாக்கும் அணியின் கைக்கு வந்த பிறகுதான் கவனிக்கத் தொடங்குகிறார்கள். அது பெரிய இழப்பு. ஒரே உதையில் 50 யார்டுக்கு மேல் நிலம் கைமாறும் அந்தச் சில நொடிகளில், இரு அணிகளும் ஒன்றுக்கொன்று எதிராகப் போட்டுவைத்த திட்டங்கள் முழுவதும் வெட்டவெளியில் தெரிகின்றன; விதிகள் தெரிந்திருந்தால் பயிற்சியாளரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதையே உதைக்கு முன்னால் ஓரளவு ஊகித்துவிடலாம். கிக்காஃபில் உள்ள எல்லாத் தந்திரங்களும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன: எதிரணி தன் அடுத்த தாக்குதலை எந்தக் கோட்டிலிருந்து தொடங்கப்போகிறது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் சொற்களும் விதிகளும் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் மைதானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடுவரை 100 யார்டு; ஒரு யார்டு என்பது 3 அடி, அதாவது நம் கெஜம். இரு கோல் கோடுகளுக்கும் அப்பால் தலா 10 யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன் என்ற பகுதி உள்ளது. பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் நுழைவதே டச்டவுன். யார்டுக் கோடுகள் இரு கோல் கோடுகளிலிருந்தும் எண்ணப்பட்டு நடுவில் 50 இல் சந்திப்பதால், 35 என்ற கோடு மைதானத்தில் இரண்டு இடங்களில் இருக்கும். வர்ணனையாளர் ஓர் அணியின் 35 என்று சொன்னால், அந்த அணி காத்துநிற்கும் கோல் கோட்டிலிருந்து 35 யார்டு தள்ளி என்று பொருள். இதைப் பழகிக்கொள்ளாமல் கிக்காஃப் விதிகளுக்குள் நுழைந்தால் தலை சுற்றும். எனவே நாளும் பார்ப்பவர்கள்கூட மனத்திற்குள் யாருடைய 35 என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வழக்கமான ஆட்ட நேரத்தில் கிக்காஃப் நிகழும் தருணங்கள் மூன்று: ஆட்டத்தின் தொடக்கம், இரண்டாம் பாதியின் தொடக்கம், ஓர் அணி டச்டவுனோ, கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி பெறும் ஃபீல்டு கோலோ எடுத்த பிறகு வரும் மறுதொடக்கம். புள்ளி எடுத்த அணிதான் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்கிறது. தொடக்கத்தில் யார் உதைப்பது என்பதை நாணயச் சுண்டல் தீர்மானிக்கிறது. அதில் வென்ற அணி தன் தேர்வை இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைக்கலாம் என்ற உரிமை 2008 முதல் என்எஃப்எல் எனப்படும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் போட்டிகளில் உள்ளது. வென்ற அணிகளில் மிகப் பல இன்று இதையே செய்கின்றன. முதல் பாதியின் கடைசியில் புள்ளி எடுத்து, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் மீண்டும் பந்தைப் பெற்றுவிட்டால், எதிரணிக்கு இடையில் பந்தே கிடைக்காமல் இரண்டு தாக்குதல்களை அடுத்தடுத்து நடத்திவிடலாம் என்பதே காரணம்.

உதைக்கும் அணியும் பெறும் அணியும் தலா 11 பேரை இறக்குகின்றன. இவர்கள் வழக்கமான தாக்குதல் அணியோ தடுப்பு அணியோ அல்லர். ஸ்பெஷல் டீம்ஸ் என்று அழைக்கப்படும் மூன்றாவது பிரிவினர். அணியில் நிரந்தர இடம் பிடிக்கப் போராடும் இளம் வீரர்கள் பெரும்பாலும் இங்கேதான் தங்கள் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள் என்பதால், ஒவ்வொரு கிக்காஃபிலும் அவர்கள் காட்டும் வேகத்தில் வேலை தேடும் ஒருவரின் தவிப்பு இருக்கிறது. உதைப்பவர் கிக்கர், பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுபவர் ரிட்டர்னர், அவரைத் துரத்தி வீழ்த்த ஓடிவரும் பத்துப் பேர் கவரேஜ் அணி. பந்து டீ என்ற சிறு தாங்கியின்மேல் வைக்கப்பட்டு உதைக்கப்படுகிறது.

இனி எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி. கிக்காஃபில் உதைக்கப்பட்ட பந்து 10 யார்டு தூரத்தைக் கடந்துவிட்டால், அல்லது அதற்கு முன்பே பெறும் அணியின் வீரர் ஒருவர்மேல் பட்டுவிட்டால், அது இரு அணிகளுக்கும் பொதுவான பந்து. உதைத்த அணியே அதைக் கைப்பற்றித் தன்வசம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெறும் அணி அதைக் கையில் பிடித்துப் பிறகு நழுவவிட்டிருந்தால் ஒழிய, அதை எடுத்துக்கொண்டு முன்னேறி ஓட முடியாது. பிடித்துத் தன்வசப்படுத்திய பந்தை இழப்பது ஃபம்பிள். பிடிக்க முயன்று கையில் பட்டும் வசப்படாமல் போவது மஃப். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும், உதைத்த அணி அதை எடுத்துக்கொண்டு ஓடலாமா கூடாதா என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. பன்ட் உதைக்கு இந்தச் சலுகை இல்லை: தாக்கும் அணி தன் நான்காவது, கடைசி முயற்சியில் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்து எதிரணிக்குக் கொடுக்கும் அந்த உதையில், எதிரணி தொடாதவரை உதைத்த அணி பந்தை உரிமை கொண்டாட முடியாது. கிக்காஃபின் நாடகம் முழுவதும் பந்து எல்லோருக்கும் பொது என்ற இந்த ஒரு வரியிலிருந்து பிறக்கிறது.

பழைய கிக்காஃபும் அது கேட்ட விலையும்

இன்றைய விதிகள் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கின்றன என்பதைப் பழைய முறையை அறியாமல் புரிந்துகொள்ள முடியாது. முன்பு உதைக்கும் அணியின் பத்துப் பேரும் கிக்கரின் இருபுறமும் நின்று, அவர் பந்தை நோக்கி ஓடும்போதே தாங்களும் ஓடத் தொடங்கி, நாற்பது ஐம்பது யார்டு தூரம் முழு வேகத்தில் பாய்ந்துசெல்வார்கள். ஒவ்வொருவருக்கும் லேன் எனப்படும் ஓடுபாதை உண்டு. இடப்புறம் நிற்பவர்களை எல்1, எல்2 என்றும் வலப்புறம் நிற்பவர்களை ஆர்1, ஆர்2 என்றும் எண்ணிட்டு அழைப்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பது அணிக்கு அணி மாறும். ஒருவர் தன் பாதையை விட்டு விலகினால் அந்த இடைவெளி வழியே ரிட்டர்னர் பாய்ந்துவிடுவார். பெறும் அணியோ மூன்று நான்கு பருத்த வீரர்களைத் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் ரிட்டர்னரை ஓடவைக்கும்; அந்த ஆள்சுவருக்கு வெட்ஜ் என்று பெயர். அதன்மேல் தன் உடலையே எறிந்து சுவரை உடைப்பவர் வெட்ஜ் பஸ்டர்.

முழு வேகத்தில் வரும் ஒருவர், நிற்கும் சுவரில் மோதினால் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 2007 செப்டம்பர் 9 அன்று பஃபலோ பில்ஸ் அணியின் கெவின் எவரெட், இரண்டாம் பாதியின் தொடக்கக் கிக்காஃபில் ரிட்டர்னரை வீழ்த்த முயன்றபோது கழுத்தெலும்பில் படுகாயமடைந்தார். மீண்டும் நடப்பாரா என்ற ஐயம் எழுந்த நிலையிலிருந்து அவர் நடக்கத் தேறினாலும், விளையாட்டு அத்துடன் முடிந்தது. 2010 அக்டோபரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியின் எரிக் லெக்ராண்ட் அதேபோன்ற ஒரு கிக்காஃப் மோதலில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு உடல் செயலிழந்தார். இந்தப் பெயர்களை அறிந்தவர்கள், கிக்காஃபை மாற்றக்கூடாது, அது மரபு என்று எளிதில் சொல்லிவிட மாட்டார்கள்.

எனவே விதிகள் படிப்படியாக நெருக்கின. மூன்று பேரும் அதற்கு மேலும் சேர்ந்து அமைக்கும் வெட்ஜை 2009 இல் என்எஃப்எல் தடைசெய்தது. 2018 இல் வெட்ஜ் முறையே முற்றிலும் நீக்கப்பட்டதோடு, உதைக்கும் அணியினர் பின்னாலிருந்து ஓடிவந்து வேகம் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. இடையில் 2011 இல் உதைக்கும் இடம் 30 யார்டுக் கோட்டிலிருந்து 35 க்கு முன்நகர்த்தப்பட்டது. ஐந்து யார்டு அருகில் வந்ததும் வலுவான கிக்கர்களுக்குப் பந்தை எண்ட் ஸோனுக்குள் அனுப்புவது எளிதாகிவிட்டது. இப்படி எண்ட் ஸோனுக்குள் சென்ற பந்தை ரிட்டர்னர் வெளியே கொண்டுவராமல் அங்கேயே விட்டுவிடுவது டச்பேக்; அப்போது ஆட்டம் நின்று, பெறும் அணிக்கு முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஒரு கோட்டில் பந்து வைக்கப்படும். அந்தக் கோடு நெடுங்காலம் 20 ஆக இருந்து, 2016 இல் 25 ஆனது. கல்லூரிகளிலும் இதே சிந்தனை ஓடியது: 2016 இல் ஐவி லீக் கல்லூரிகள் உதைக்கும் இடத்தை 40 க்கு நகர்த்தி, டச்பேக் கோட்டை 20 க்குப் பின்னிழுத்தன. பிறகு வந்த ஆய்வில், 1000 கிக்காஃபுக்கு ஏறத்தாழ 11 ஆக இருந்த மூளையதிர்ச்சி ஏறத்தாழ 2 ஆகக் குறைந்திருந்தது.

பாதுகாப்பு கூடியது, ஆனால் ஆட்டம் செத்தது. 2024 பிப்ரவரியில் நடந்த 58ஆவது சூப்பர் பவுலில், அதாவது என்எஃப்எல் இறுதிப்போட்டியில், ஒரு கிக்காஃப்கூடத் திருப்பி ஓடப்படவில்லை, அத்தனையும் டச்பேக். உலகமே பார்க்கும் ஒரு போட்டியில் இப்படி நடந்தபிறகு, கிக்காஃபை ஒழித்துவிடுவதா, உயிர்ப்பிப்பதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய நிலை வந்தது.

புதிய கிக்காஃபின் அமைப்பு

2024 பருவத்தில் என்எஃப்எல் கொண்டுவந்த முறைக்கு டைனமிக் கிக்காஃப் என்று பெயர். 2020 இல் எக்ஸ்எஃப்எல் என்ற மாற்று லீக் செய்துபார்த்த முறையிலிருந்து இதன் கரு எடுக்கப்பட்டது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ பிழையாக நிற்கிறார்கள் என்றே தோன்றும். கிக்கர் மட்டும் தன் அணியின் 35 இல் தனியாக நிற்கிறார். அவருடைய அணியின் மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டுக் கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஐந்தே யார்டு தள்ளி, 35 க்கும் 30 க்கும் இடையிலுள்ள செட்டப் ஸோனில், பெறும் அணியின் குறைந்தது ஒன்பது பேர் நிற்கிறார்கள். எஞ்சிய இருவர் பின்னால், பந்து வரும் பகுதியில் காத்திருக்கிறார்கள். பந்து தரையிலோ ரிட்டர்னர்மேலோ படும்வரை இருபுறத்து வரிசைகளும் அசையக்கூடாது.

இந்த ஒரே மாற்றத்தில் நாற்பது யார்டு ஓட்டப்பாய்ச்சல் ஐந்து யார்டு மோதலாகச் சுருங்கிவிட்டது. வேகம் குறைந்தது, ஆனால் திருப்பி ஓடும் வாய்ப்பு போய்விடவில்லை. என் கருத்தில் அண்மைக் காலத்தில் இந்த விளையாட்டில் செய்யப்பட்ட மிகவும் அறிவார்ந்த விதிமாற்றம் இதுதான். ஏனெனில் ஆபத்து மோதலில் இல்லை, மோதலுக்கு முந்தைய ஓட்டத்தில்தான் இருக்கிறது என்பதை இது சரியாகக் கண்டுகொண்டது.

இங்கே நினைவில் நிறுத்தவேண்டிய சொல் லேண்டிங் ஸோன். பெறும் அணியின் கோல் கோட்டிலிருந்து 20 யார்டுக் கோடுவரை உள்ள பகுதி அது. பந்து எங்கே முதலில் விழுகிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. லேண்டிங் ஸோனில் விழுந்த பந்தைக் கட்டாயம் ஆடியே ஆகவேண்டும். கையை உயர்த்தி, நான் ஓடமாட்டேன், என்னைத் தொடாதே என்று அறிவிக்கும் ஃபேர் கேட்ச் உரிமை இங்கே இல்லை. லேண்டிங் ஸோனில் பட்டுத் துள்ளி எண்ட் ஸோனுக்குள் போய் அங்கேயே முடிந்தால், பெறும் அணி 20 இலிருந்து தொடங்கும். பந்து லேண்டிங் ஸோனை எட்டாமலேயே விழுந்தாலோ, பக்கவாட்டில் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனாலோ, பெறும் அணிக்கு 40 இல் பந்து. வானிலேயே பறந்து நேராக எண்ட் ஸோனுக்குள் விழுந்து டச்பேக் ஆனால், 2024 இல் 30. 2025 முதல் 35.

கடைசி எண்ணில்தான் ஆட்டத்தின் உயிர் இருந்தது. 2024 இல் 30 யார்டைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம், ஆபத்து வேண்டாம் என்று பயிற்சியாளர்கள் முடிவுசெய்ததால், புதிய முறையிலும் கிக்காஃப்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவை டச்பேக்காகவே முடிந்தன. ஐந்து யார்டு கூட்டியதும் கணக்கு புரண்டது. 35 இலிருந்து தொடங்கும் அணிக்கு இன்னும் முப்பது யார்டு சென்றாலே நீண்ட ஃபீல்டு கோலை முயலும் தூரம் வந்துவிடும். அந்த அளவு நிலத்தை இலவசமாகக் கொடுக்க யாரும் விரும்பவில்லை. எனவே 2025 இல் கிக்கர்கள் பந்தை வேண்டுமென்றே லேண்டிங் ஸோனுக்குள் இறக்கத் தொடங்கினர், பெரும்பாலான உதைகள் திருப்பி ஓடப்பட்டன. ஒரு விதியில் ஓர் எண்ணை மாற்றினால் மனிதர்களின் நடத்தை எப்படி மாறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் விளையாட்டில் அரிது.

உதையின் வகைகளை அடையாளம் காண்பது

பழைய முறையில் நல்ல கிக்காஃபுக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன: தூரம், ஹேங் டைம். ஹேங் டைம் என்பது பந்து காற்றில் நிற்கும் நேரம். நான்கு நொடி நின்றால், கவரேஜ் அணியினர் அதற்குள் ரிட்டர்னரை நெருங்கிவிடுவார்கள். இன்று என்எஃப்எல்லில் பந்து விழும்வரை அவர்கள் நகரவே முடியாது என்பதால், உயரமாக அடிப்பதில் முன்பிருந்த பயன் பெரும்பாலும் போய்விட்டது. இடம்தான் முதன்மை. எனவே உயரமும் வலிமையும் போதாமல், குறிபார்த்து இறக்கும் திறனே கிக்கர்களை மதிப்பிடும் அளவாகிவருகிறது.

ஸ்குவிப் கிக் என்பது தாழ்வாக, தரையில் தத்திச் செல்லும்படி அடிப்பது. இருமுனையும் கூம்பிய அந்தப் பந்து எப்படித் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், ரிட்டர்னர் அதை அடக்கி எடுப்பதற்குள் ஓரிரு நொடிகள் போய்விடும். பூச் கிக் என்பது வேண்டுமென்றே குறைந்த தூரத்திற்கு உயர்த்தி அடிப்பது. பழைய முறையில், பின்னால் நிற்கும் கைதேர்ந்த ரிட்டர்னருக்குப் பதிலாக, முன்னால் நிற்கும் ஓடிப்பழகாத வீரர் ஒருவர் பிடிக்கும்படி இதைப் பயன்படுத்தினார்கள். டைரக்ஷனல் கிக் என்பது மைதானத்தின் ஒரு மூலையை நோக்கி அடிப்பது. எல்லைக் கோடே கூடுதலாக ஒரு தடுப்பாளராக நின்று ரிட்டர்னரை ஒருபுறம் அடைத்துவிடும். ஆனால் ஓரடி தவறினால் பந்து வெளியேறி, எதிரணிக்கு 40 யார்டுக் கோடு பரிசாகப் போய்விடும் என்பதால் துணிச்சல் வேண்டும். அண்மையில் அதிகம் கேட்கும் சொல் நக்கிள்பால். பந்தை வழக்கமான சுழற்சி இல்லாமல் அடித்து, காற்றில் தள்ளாடச் செய்து, லேண்டிங் ஸோனில் எதிர்பாராத திசையில் துள்ளவைக்கும் உதை இது. இத்தகைய உதையின்போது ரிட்டர்னரின் கால்களைப் பாருங்கள்: பந்து விழுமுன் பிடிப்பதா, துள்ளவிட்டு எடுப்பதா என்று அவர் ஒரு கணம் தயங்கினாலே உதைத்த அணி பாதி வென்றுவிட்டது.

திருப்பி ஓடுவதன் கலை

பந்தைப் பெறும் அணியின் வேலை, ரிட்டர்னருக்கு ஒரு சந்து திறந்துகொடுப்பது. முன்வரிசையினர் எதிரே நிற்பவரைத் தோளாலும் கையாலும் மறிப்பதுதான் பிளாக். இருவர் சேர்ந்து ஒருவரை மறிப்பது டபுள் டீம். அப்படிச் செய்தால் வேறோரிடத்தில் ஓர் எதிரி மறிக்கப்படாமல் விடப்படுவார், அவரைத் தாண்டுவது ரிட்டர்னரின் பொறுப்பு. முதுகுப்புறத்தில் தள்ளினாலும், பிடித்து இழுத்தாலும் 10 யார்டு தண்டம் உண்டு. நீண்ட ஓட்டம் ஒன்று முடிந்து அரங்கம் ஆர்ப்பரிக்கும்போது, தவறு நடந்ததென்று நடுவர் வீசும் மஞ்சள் துணி தரையில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மகிழ்வதே பழகியவர்களின் வழக்கம்.

எதிர்ப்புறத்தில் கவரேஜ் அணியின் வெளியோர வீரர் இருவரின் கடமை கன்டெய்ன் எனப்படும்: ரிட்டர்னரை வீழ்த்துவதைவிட, அவர் தங்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாக ஓடிவிடாமல் உள்நோக்கித் திருப்புவதே அவர்கள் வேலை. ஆசைப்பட்டு உள்ளே பாய்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் பல டச்டவுன்கள் பிறந்திருக்கின்றன. ரிட்டர்னர் எல்லோரையும் கடந்துவிட்டால் எஞ்சியிருப்பவர் கிக்கர் மட்டுமே. அவர் எவ்வளவு தயக்கத்தோடு அந்த மோதலுக்குப் போனாலும், குறுக்கே நின்று வேகத்தைக் குறைத்துவிட்டாலே போதும், பின்னால் வருபவர்கள் எட்டிப்பிடித்துவிடுவார்கள்.

ஒரு பெரும் ரிட்டர்னர் என்ன செய்யக்கூடும் என்பதற்கு டெவின் ஹெஸ்டர் அளவுகோல். 2007 பிப்ரவரி 4 அன்று 41ஆவது சூப்பர் பவுலின் முதல் உதையையே சிகாகோ பேர்ஸ் அணிக்காக 92 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் எடுத்தார். போட்டியை இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் வென்றது. ஆனால் ஹெஸ்டர் 2024 இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றபோது, திருப்பி ஓடும் திறனுக்காகவே முதன்மையாக அந்த மதிப்பைப் பெற்ற முதல் வீரரானார்.

தனியாக ஓடுவது மட்டுமே வழி அன்று. பந்தைப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ இன்னொருவருக்கு எறியலாம். அதற்கு லேட்டரல் என்று பெயர், முன்னோக்கி எறிவது மட்டும் குற்றம். 2000 ஜனவரி 8 அன்று, 16 நொடிகள் எஞ்சியிருக்க, பஃபலோ பில்ஸ் 16-15 என்று முந்திவிட்டுத் தாழ்வாக ஓர் உதை அடித்தது. டென்னசி டைட்டன்ஸ் அணியின் லொரென்சோ நீல் அதைப் பிடித்து ஃபிராங்க் வைச்செக்கிடம் கொடுக்க, அவர் தன்னை நோக்கி எல்லாத் தடுப்பாளர்களும் திரண்டு வரும்வரை பொறுத்து, மைதானத்தின் மறுபக்கம் நின்ற கெவின் டைசனுக்கு எறிந்தார். டைசனுக்கு முன்னால் யாருமில்லை. 75 யார்டு ஓடி டச்டவுன், 22-16 வெற்றி. எறிதல் முன்னோக்கிப் போனதா என்று பஃபலோ ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். லேன் ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கற்க அந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது போதும்.

ஆன்சைட் கிக்

பின்தங்கியிருக்கும் அணிக்கு நேரம் போதாதபோது, எதிரணிக்குப் பந்தைக் கொடுக்கவே கூடாது. அப்போது பந்தைச் சிறிதளவே உதைத்து, 10 யார்டு கடந்ததும் தானே பாய்ந்து கைப்பற்ற முயல்வது ஆன்சைட் கிக். எதிரணி தன் பந்துபிடிக்கும் திறனாளர்களை இறக்கி எதிர்கொள்ளும். அவர்களுக்கு ஹேண்ட்ஸ் டீம் என்று பெயர். அதிலும் பிரிவினை உண்டு: முன்வரிசையினர் பாய்ந்து வருபவர்களை மறிக்க வேண்டும், பின்வரிசையினர் பிடிக்க வேண்டும். 2015 ஜனவரியில் சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிராக கிரீன் பே பேக்கர்ஸ் 19-14 என்று முன்னிலையில் இருந்தபோது, மறிக்கவேண்டிய இடத்தில் நின்ற பிராண்டன் பாஸ்டிக் தானே பிடிக்க முயன்று பந்து நழுவிப்போக, சியாட்டிலின் கிறிஸ் மேத்யூஸ் கைப்பற்றினார். கூடுதல் நேரத்தில் 28-22 என்று சியாட்டில் வென்று சூப்பர் பவுலுக்குச் சென்றது. பாஸ்டிக்கைப் பலர் கடிந்துகொண்டார்கள். ஆனால் உயரத் துள்ளித் தன் முகத்துக்கு நேரே வரும் பந்தை விட்டுவிட்டு, கடமையை மட்டும் செய்வது மனித இயல்புக்கு எவ்வளவு எதிரானது என்பதையும் நினைக்கவேண்டும்.

யாரும் எதிர்பாராத நேரத்தில் அடிக்கும் ஆன்சைட் கிக்கே மிகப் பெரிய ஆயுதமாக இருந்தது. 2010 பிப்ரவரி 7 அன்று மயாமியில் நடந்த 44ஆவது சூப்பர் பவுலில், 10-6 என்று பின்தங்கியிருந்த நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளர் ஷான் பேட்டன், இரண்டாம் பாதியின் முதல் உதையிலேயே இதைத் துணிந்தார். அந்தத் திட்டத்திற்கு அவர்கள் வைத்த பெயர் ஆம்புஷ், அதாவது பதுங்கித் தாக்குதல். தாமஸ் மோர்ஸ்டெட் அடித்த பந்தைக் கோல்ட்ஸ் வீரர் அடக்கமுடியாமல் விட, குவிந்து கிடந்த உடல்களுக்கு அடியில் கிறிஸ் ரீஸ் அதை இறுகப் பற்றியிருந்தார். அந்தத் தாக்குதல் டச்டவுனில் முடிந்தது. போட்டி 31-17 என்று செயின்ட்ஸ் பக்கம் போனது.

இன்று அது என்எஃப்எல்லில் இயலாது. டைனமிக் முறையில் ஆன்சைட் அடிக்கப்போகும் அணி அதை முன்கூட்டியே நடுவரிடம் அறிவித்தாக வேண்டும். 2024 இல் பின்தங்கிய அணி நான்காம் கால்பகுதியில் மட்டுமே அறிவிக்க முடிந்தது. 2025 இல் பின்தங்கிய அணி எப்போது வேண்டுமானாலும் அறிவிக்கலாம் என்று தளர்த்தப்பட்டது. ஆனாலும் அறிவித்துவிட்டுச் செய்வதில் பதுங்கல் ஏது? பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்தில் இழந்த ஒன்று இது. அதற்காக வருந்துவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

கல்லூரி, பள்ளி ஆட்டங்கள்

கல்லூரி ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் மேலே சொன்ன புதிய அமைப்பைத் தேட வேண்டாம். அங்கே இரு அணிகளும் பழைய முறையில்தான் நிற்கின்றன. உதை 35 இலிருந்து, டச்பேக் 25 இல். 2018 முதல் 25 யார்டுக் கோட்டுக்குள் ஃபேர் கேட்ச் செய்தாலும் 25 இலிருந்தே தொடங்கலாம். உயர்நிலைப் பள்ளிகளில் 40 இலிருந்து உதைக்கிறார்கள். கோல் கோட்டைக் கடந்த பந்து அப்போதே இறந்த பந்து, அதாவது ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்; தொடக்கம் 20 இல்.

கிக்காஃப் போலவே தோன்றும் இன்னோர் உதையும் உண்டு. தாக்கும் அணி தன் சொந்த எண்ட் ஸோனிலேயே வீழ்த்தப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளிகள் கிடைக்கும். அதற்கு சேஃப்டி என்று பெயர். புள்ளியை இழந்த அணியே அப்போது தன் 20 இலிருந்து உதைத்துப் பந்தையும் கொடுக்கவேண்டும். இது ஃப்ரீ கிக். இதில் கையிலிருந்து விட்டு பன்ட் போலவும் அடிக்கலாம்.

கடிகாரத்தோடு சேர்த்துப் பார்ப்பது

ஆட்டம் முடியும் தறுவாயில், யார்டோடு நொடியையும் எண்ணவேண்டும். விதி இதுதான்: கிக்காஃபில் கடிகாரம் உதைத்தவுடன் ஓடாது, ஆடுகளத்துக்குள் பந்தை ஒருவர் தொட்ட பிறகே ஓடும். எனவே டச்பேக்கில் ஒரு நொடிகூடக் குறைவதில்லை.

2022 ஜனவரி 23 அன்று கன்சாஸ் சிட்டியில் நடந்த ப்ளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில், பஃபலோ பில்ஸ் 36-33 என்று முந்தியபோது எஞ்சியிருந்தது 13 நொடி. பில்ஸ் பந்தை எண்ட் ஸோனுக்கு அடித்தது, டச்பேக். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 25 இலிருந்து, முழு 13 நொடியோடு தொடங்கியது. பேட்ரிக் மஹோம்ஸின் இரண்டே பாஸ்களில் 44 யார்டு கடந்து, ஹாரிசன் பட்கரின் 49 யார்டு ஃபீல்டு கோலில் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் 42-36 என்று வென்றது. அன்று ஒரு ஸ்குவிப் கிக் அடித்திருந்தால், சீஃப்ஸ் சற்று முன்னாலிருந்து தொடங்கியிருக்கலாம். ஆனால் நான்கு ஐந்து நொடிகள் கரைந்திருக்கும், இரண்டாவது பாஸுக்கு நேரம் இருந்திருக்குமா என்பதே ஐயம். ஸ்குவிப்பை ஒருவர் நேராகக் கையில் பிடித்து நீண்ட தூரம் ஓடிவிடும் அச்சமும் நியாயமானதுதான். ஆயினும் 13 நொடியில் எதிரிக்கு நிலத்தைவிட நேரமே பெரிய செல்வம் என்பதால், நான் அந்த இடத்தில் நொடிகளைக் கரைக்கும் உதையையே தேர்ந்திருப்பேன்.

எனவே அடுத்த ஆட்டத்தில் கிக்கர் பந்தை டீயின்மேல் வைக்கும்போது, முதலில் பலகையில் புள்ளி வேறுபாட்டையும் எஞ்சிய நேரத்தையும் பாருங்கள். பிறகு பின்னால் நிற்கும் இரு ரிட்டர்னர்களும் நடுவில் இருக்கிறார்களா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். உதைத்தபின் பந்தைத் துரத்தாமல், அது விழும் இடத்தையும் அதே கணத்தில் அசையத் தொடங்கும் இரு வரிசைகளின் ஓரங்களையும் பாருங்கள். ரிட்டர்னர் எந்த இடைவெளியை நோக்கித் திரும்புவார் என்பது அவர் திரும்புவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.